குஞ்சும் கன்றும் கொடுத்த பிறகு: படுவான்கரைக்கு உதவ நினைக்கும் ஊர்ச் சங்கத்துக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வி இது: கனடாவில் இருக்கும் உங்கள் ஊர்ச் சங்கம் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம், இருபது குடும்பங்களுக்கு மீன் வளர்க்கக் குட்டை வெட்டிக் கொடுக்க நினைக்கிறது. கூடவே ஊர்க்குளத்தைச் சுற்றி இரண்டாயிரம் மரக்கன்று நடவும் யோசனை. மீன்குஞ்சு எங்கே வாங்கலாம், என்ன மரம் நடலாம், மாடும் கோழியும் தோட்டமும் சேர்த்துச் செய்தால் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நல்ல எண்ணம். ஆனால் முதலில் உங்கள் கணக்கை மாற்றச் சொல்வேன். இருபது குட்டையை ஆறாக்குங்கள். இரண்டாயிரம் கன்றை முந்நூறாக்குங்கள். மிச்சக் காசை அடுத்த இரண்டு வருஷத்துக்குத் தொடாமல் வைத்திருங்கள். எங்கள் பகுதியில் மீன்குஞ்சு விட்டதையும் மரம் நட்டதையும் படம் எடுத்தவர்கள் ஏராளம். அடுத்த ஆவணியில் திரும்பி வந்து பார்த்தவர்கள் குறைவு. குஞ்சும் கன்றும் சாவது அந்த இடைவெளியில்தான்.

இதற்கு எழுத்தில் சான்று உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரம் எங்கும் வேகவேகமாகக் கண்டல் (உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம்) நட்டார்கள். கண்டல் நட்ட 23 திட்ட இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவின்படி, 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. மூன்றும் மேற்குக் கரை, கிழக்கில் ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டம் பாராமல் பிழையான இடத்தில் நட்டது, மாடு மேய்ந்தது, நட்ட பிறகு ஆள் பார்க்காதது, இவைதான் காரணங்கள். பராமரிப்பு இருந்த இடத்தில் கன்று இருந்தது. காசு கொடுப்பவர்கள் இந்த ஒன்றை மனதில் வைத்தால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

குட்டைக்கு வருவோம். குட்டை வெட்ட முன் பார்க்க வேண்டியது ஆவணி மாதத் தண்ணீர். தை மாதத்தில் படுவான்கரையில் எங்கே மண்வெட்டி போட்டாலும் தண்ணீர் வரும், அதைப் பார்த்து முடிவு எடுக்கக் கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த நீரில் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவில் ஆவியாகும். மாதத்துக்கு அரை அடி. பங்குனியிலிருந்து புரட்டாதி வரை கூட்டிப் பாருங்கள், மூன்று அடிக்கு மேல் வெயிலுக்கே போகிறது, கசிவு வேறு. நாலு அடிக் குட்டை வெட்டினால் மீன் பெருக்க வேண்டிய மாதத்தில் முழங்கால் தண்ணீர்தான் நிற்கும். கிணற்றிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ ஈடு செய்ய வழியில்லாத வீட்டுக்குக் குட்டை கொடுக்க வேண்டாம். அந்தக் குடும்பத்துக்கு வேறு உதவி செய்யுங்கள்.

மண்ணையும் பார்க்க வேண்டும். படுவான்கரையின் களிமண் தண்ணீர் பிடிக்கும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையின் கடற்கரை மணல் பிடிக்காது. இடைப்பட்ட இடங்களில் ஒரு சின்னச் சோதனை போதும். இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி வெட்டி, காலையில் வாய் மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். பின்நேரம் அது கசிந்து இறங்கியிருக்கும், மறுபடி நிரப்பி ஓலையால் மூடிவிட்டு விடியப் பாருங்கள். பெரும்பகுதி அப்படியே நின்றால் அந்த இடத்தில் வெட்டலாம். ஒரு கூலியாளின் அரை நாள் வேலைதான். இதைச் செய்யாமல் பெக்கோ இயந்திரம் பிடித்து வெட்டியதால் வெறும் பள்ளமாகக் கிடக்கும் குட்டைகள் உண்டு.

வீட்டுக் குட்டைக்கு இருபது பேர்ச் நல்ல அளவு, ஏறக்குறைய 500 சதுர மீற்றர். ஆழமான பக்கம் ஆறு அடியாவது இருக்கட்டும். சதுர மீற்றருக்கு இரண்டு குஞ்சு என்று ஆயிரம் குஞ்சு விடலாம். சாணமும் தவிடும் மட்டும் கொடுத்து ஒழுங்காகப் பார்த்தால் ஆறேழு மாதத்தில் 100 முதல் 150 கிலோ மீன் எதிர்பார்க்கலாம். இதற்கு மேல் சொல்லி ஆசை காட்டுபவர்களை நம்பாதீர்கள். அந்த விளைச்சலுக்கு வாங்குதீனியும் காற்றடிக்கும் இயந்திரமும் வேண்டும், ஏழைக் குடும்பத்தைக் கடனில் தள்ளுவது அதுதான்.

குஞ்சுக்கு அம்பாறை இங்கினியாகலையில் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் இனப்பெருக்க நிலையம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் நக்டா என்றே சொல்வார்கள். வீட்டுக் குட்டைக்குத் திலாப்பியாதான் பொருத்தம், முடிந்தால் ஆண் குஞ்சு மட்டும் எடுங்கள். இரண்டும் கலந்து விட்டால் குட்டைக்குள்ளேயே பெருகி, ஆயிரம் மீன் ஐயாயிரம் ஆகி, ஒன்றும் விரல் நீளத்துக்கு மேல் வளராது. கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய கெண்டை வகைகள் ஊர்க்குளத்துக்கு. குஞ்சின் நீளம் மூன்று அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதைவிடச் சின்னக் குஞ்சு மலிவு, ஆனால் விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் இரைபோட்ட கணக்குத்தான். ஆறு குடும்பத்தில் இரண்டு குடும்பம் சின்னக் குஞ்சை வாங்கி, குட்டைக்குள் வலைக்கூண்டு கட்டி இரண்டு மாதம் வளர்த்து மற்றவர்களுக்கும் ஊர்க்குளத்துக்கும் விற்கட்டும். மீனை விற்று வரும் காசைவிட இதில் வருவது சீக்கிரம் வரும்.

குஞ்சு வரும் பையை அவிழ்த்து நேரே கொட்டிவிடுவார்கள், அதைத் தடுங்கள். ஒட்சிசன் அடித்த பொலித்தீன் பை வெயிலில் வந்திருக்கும். கட்டிய படியே இருபது நிமிஷம் குட்டையில் மிதக்க விட்டு, பிறகு வாயை அவிழ்த்துக் குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, குஞ்சு தானாக நீந்தி வெளியே வரும் வரை பொறுக்க வேண்டும். இந்த அரை மணித்தியாலப் பொறுமைக்குக் குஞ்சில் பெரிய பங்கு மிஞ்சும்.

மாடும் கோழியும் கேட்டீர்கள். என் அபிப்பிராயம் முதலில் மாடு, அடுத்தது வாத்து, கடைசியில் கோழி. படுவான்கரையில் மாடு இல்லாத வீடு குறைவு, சாணத்துக்குக் காசு இல்லை. கோழிக்குத் தீனி வாங்க வேண்டும். 2022இல் நாடு வங்குரோத்தானபோது தீனி விலை போன போக்கை எல்லோரும் பார்த்தோம். அதை நம்பிக் கட்டிய பண்ணை அந்த விலையோடு சேர்ந்து விழும். வாத்து நாலைந்து போதும், இருபது பேர்ச் குட்டைக்கு மிஞ்சிப் போனால் பதினைந்து. அது புழு பூச்சியையும் பாசியையும் தின்னும், எச்சம் தண்ணீரில் விழும், தண்ணீரைக் கலக்கிக்கொண்டும் இருக்கும். ஆனால் மூன்று அங்குலக் குஞ்சு நாலைந்து அங்குலம் ஆகும் வரை வாத்தைக் குட்டையில் இறக்க வேண்டாம்.

சாணம் மீனுக்கு நேரடி உணவல்ல. சாணத்தால் தண்ணீரில் பச்சைப் பாசியும் நுண்ணுயிரும் பெருகும், அவற்றை மீன் தின்னும். ஆகவே எவ்வளவு போடுவது என்பதைத் தண்ணீரின் நிறம்தான் சொல்ல வேண்டும். வாரத்துக்குப் பதினைந்து கிலோ அளவில் தொடங்குங்கள், சாக்கில் கட்டி ஒரு மூலையில் ஊற விடுவது நல்லது. பிறகு கையை நீட்டி, உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, மெல்ல இறக்குங்கள். முழங்கை நனையும் போது உள்ளங்கை மறைந்தால் தண்ணீர் சரியாக இருக்கிறது. மணிக்கட்டு நனையும் முன்னமே மறைந்தால் சாணத்தை நிறுத்த வேண்டும். தோள் வரை போயும் விரல் தெரிந்தால் இன்னும் போடலாம். எழுத்து வாசிக்காத அம்மாக்களும் ஒரு தடவை காட்டினால் பிடித்துக்கொள்ளும் சோதனை இது. விடியப்புறம் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் இரவில் பாசி ஒட்சிசனைக் குடித்துத் தீர்த்துவிட்டது என்று அர்த்தம். அன்று தவிடும் இல்லை, சாணமும் இல்லை, புதுத் தண்ணீர் விட வேண்டும். ஆகவே குட்டை வீட்டு வாசலிலிருந்து பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். வயல் மூலையில் வெட்டினால் விடியற்காலையில் போய்ப் பார்க்க ஆளிருக்காது. வயலில் மருந்தடித்த தண்ணீர் உள்ளே வந்தால் ஒரே நாளில் முடிந்தது.

குட்டையின் பெரிய லாபம் பல வீடுகளில் மீனில் இல்லை, தோட்டத்தில்தான். சாணமும் மீன் கழிவும் கலந்த அந்தத் தண்ணீரைக் கத்தரிக்கும் பயற்றைக்கும் கங்குன் கீரைக்கும் இறைத்தால் உரச் செலவு நன்றாகக் குறையும். வருஷத்துக்கு ஒருக்கா அள்ளும் அடிச்சேறு தென்னைக்குப் போகும். வரம்பில் வாழை நடச் சொல்லித்தான் எல்லாக் கையேடும் சொல்லும். வவுணதீவு, வெல்லாவெளி, கிரான் பக்கம் யானை வரும் ஊரில் அதைக் கேட்க வேண்டாம். வாழைக்கு வரும் யானை வேலியையும் குட்டை வரம்பையும் மிதித்துவிட்டுப் போகும். அங்கே தேசி (எலுமிச்சை) நடுங்கள், யானை அதை அவ்வளவாகத் தேடாது.

நாட்காட்டியை மழைதான் எழுதுகிறது. கார்த்திகை, மார்கழியில் குட்டையில் மீன் இருக்கவே கூடாது. 2011 ஜனவரி வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் வரம்பு எது வயல் எது என்று தெரியாது, மீனெல்லாம் வாவிக்குப் போய்விடும். மாசியில் வெள்ளம் வடிந்த பிறகு குஞ்சு விட்டு, புரட்டாதி கடைசிக்குள் பிடித்து முடித்து, ஐப்பசியில் குட்டையைக் காயவிட்டுச் சுண்ணாம்பு போட்டு, மழையை வெறும் குட்டையோடு எதிர்கொள்வதுதான் எங்கள் பகுதிக்குச் சரி. நிதியாண்டு முடிகிறதென்று டிசம்பரில் குஞ்சு விடும் திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் சங்கத்துக்கு அந்த அவசரம் இல்லை, அது பெரிய பலம்.

விற்பனையை லேசாக எடுக்காதீர்கள். வாவி மீனும் கடல் மீனும் தின்று பழகிய நாக்கு எங்களுடையது. குட்டை மீனில் சேற்று வாடை வந்தால் இரண்டாம் தரம் யாரும் வாங்க மாட்டார்கள். பிடித்த மீனை விற்பதற்கு முன் சில நாள் சுத்தத் தண்ணீரில், இரை போடாமல் விட்டால் வாடை குறையும். அம்பாறைப் பக்கத்துப் பெரிய நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரத்து மீன் நிறைய இறங்கும் நாட்களில் நன்னீர் மீன் விலை விழும், ஆகவே ஆறு வீடும் ஒரே கிழமையில் பிடிக்காமல் முறை வைத்துப் பிடிக்கட்டும். ஏறாவூர், காத்தான்குடி வியாபாரிகளோடு முன்கூட்டிப் பேசி வைத்தால் நல்லது, அவர்களுக்குச் சந்தை தெரியும்.

இனி ஊர்க்குளமும் மரமும். உங்கள் திட்டத்தில் இவை இரண்டும் தனித்தனித் தலைப்பாக இருக்கின்றன, அவற்றை ஒன்றாக்குங்கள். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்து (மிஞ்சிய நீர் வழிந்து) அடங்கிய பிறகு கெண்டை வகைக் குஞ்சு விடலாம். கோடையில் சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறந்து முடிந்த பிறகும் துருசு (தண்ணீர் திறக்கும் மதகு) மட்டத்துக்குக் கீழே கொஞ்சத் தண்ணீர் நிற்கும். மீன் கோடையைத் தாண்டுவதும் பெருப்பதும் அந்தத் தண்ணீரில்தான். மழை வெள்ளம் மேலே மொட்டையடித்த நிலத்திலிருந்து அள்ளி வரும் வண்டல் முதலில் நிரப்புவதும் அதே இடத்தைத்தான். குளம் மாரியில் நிரம்பித் தெரியும், ஆடியில் சேறாகக் கிடக்கும். ஆகவே நீங்கள் நடும் மரம் நிழலுக்கோ அழகுக்கோ அல்ல, துருசுக்குக் கீழே இரண்டு அடித் தண்ணீரைக் காப்பதற்கு. எங்கே நடுவது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது.

குளக்கட்டில் மரம் நடக் கூடாது. பெரிய மரம் பட்டு வேர் உக்கினால் அந்த வழியாகத் தண்ணீர் கட்டைத் துளைக்கும். கட்டில் புல்லும் வெட்டிவேரும் போதும். மரம் வேண்டியது வெள்ளம் குளத்துக்குள் நுழையும் மேற்பக்கத்தில். நீர் வரும் ஓடையின் வாயில் அகலமான புல்பட்டை, அதற்குப் பின்னால் மரம். தண்ணீர் ஏறி இறங்கும் விளிம்புக்கு மருதும் வம்மியும், அதற்கு மேலே புங்கை, இலுப்பை, நாவல். மேட்டுக்கு வேம்பு, புளி, விளா. கட்டுக்குக் கீழே கசிவு நிற்கும் ஈரத்தில் தாழையும் பன்னும் வளர விடுங்கள், பன்பாய் இழைக்கும் பெண்களுக்கு அது கைமுதல். தேக்கும் யூக்கலிப்டசும் யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் குளத்தங்கரைக்கு வேண்டாம்.

முந்நூறு என்று ஏன் சொன்னேன்? கணக்கு எளிது. ஒரு கன்றுக்குக் கிழமைக்குப் பத்து லீற்றர் என்றால் முந்நூறு கன்றுக்கு 3,000 லீற்றர், ஒரு உழவு இயந்திரத்தில் தண்ணீர்த் தாங்கி கட்டி ஒன்றிரண்டு நடையில் ஊற்றிவிடலாம். இரண்டாயிரம் கன்றுக்கு 20,000 லீற்றர். ஆடி மாதத்தில், ஊரார் குளிக்கவே தண்ணீர் தேடும் நாளில், அதை யார் ஊற்றுவார்கள்? முந்நூறில் இருநூற்றைம்பது பிழைத்தால் அடுத்த மாரியில் இன்னும் முந்நூறு நடுங்கள்.

தண்ணீரைவிடப் பெரிய சோதனை மாடு. மாரியில் பெரும்போக நெல் நிற்கும்போது மாட்டைப் பட்டியாக மேய்ச்சல்தரைக்கு, மயிலத்தமடு மாதவணைப் பக்கம், கொண்டுபோய்விடுவார்கள். அப்போது நட்ட கன்று நிம்மதியாகத் துளிர்க்கும், பார்ப்பவருக்கும் சந்தோஷமாக இருக்கும். மாசி, பங்குனியில் சூடடித்து முடிந்ததும் மாடு வெட்டிய வயலுக்கு இறங்கும், இரண்டு கிழமையில் கன்று மொட்டை. மேய்ச்சல்தரையை மற்றவர்கள் பிடித்துப் பயிர்செய்யும் பிரச்சினை தீராத வரை மாடு ஊருக்குள் நிற்கும் மாதங்கள் கூடிக்கொண்டேதான் போகும். அது வளர்ப்பவர்களின் குற்றமில்லை, அவர்களும் வழி தெரியாமல்தான் நிற்கிறார்கள். ஆகவே மாட்டுக்காரர்களை முதல் கூட்டத்திலேயே கூப்பிட்டு உட்கார வையுங்கள். மாடு தண்ணீருக்கு இறங்க ஒரு பாதையை அவர்களே காட்டட்டும், அதை விட்டு மற்ற இடத்தை அடையுங்கள். கிளிரிசீடியா கதிகால் (வேலிக்கு நடும் பச்சைத் தடி) நட்டு முள்ளுக் கட்டினால் இரண்டாம் வருஷம் அது உயிர்வேலி, வெட்டும் குழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி.

பராமரிப்புக் காசைக் கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நடும்போது பாதி, மீதி புரட்டாதியில் உயிரோடு நிற்கும் கன்றை எண்ணி. எண்ணுவதற்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து இருவர், கமக்காரர் அமைப்பிலிருந்து ஒருவர், நன்னீர் மீன்பிடிச் சங்கத்திலிருந்து ஒருவர் ஒன்றாகப் போகட்டும். மீன்பிடிச் சங்கத்தவர் பருவகால ஆரம்பக் கூட்டத்துக்கும் போய்ப் பேச வேண்டும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, துருசை எப்போது மூடுவது என்று தீர்மானமாவது அங்கேதான். வெள்ளாமைக்காரர் கேட்டதெல்லாம் திறந்துவிட்டால் மீனுக்குச் சேறுதான் மிஞ்சும். அந்தக் கூட்டத்தில் மீனவர் குரல் கேட்பது அரிது. குளத்து மீனில் ஒரு பங்கு விற்ற காசு குளக்கட்டுத் திருத்தத்துக்கும் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவும் போகும் என்று எழுதி வைத்தால் கமக்காரரும் மீன் பக்கம் நிற்பார்கள்.

வாவிக்கரைக் குடும்பங்களையும் சேர்க்கலாமா என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சேர்க்கலாம், ஆனால் கண்டல் நிலத்தை வெட்டிக் குட்டை ஆக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அந்தச் சேற்றில் உறங்கும் கந்தகம் காற்றுப் பட்டதும் அமிலமாகும், சில வருஷத்தில் அங்கே மீனும் வளராது, கண்டலும் வளராது. 1980களில் வாவியோரம் இறால் பண்ணைக்கென்று வெட்டி, யுத்தத்தோடு கைவிட்ட குளங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பிறகு இறால் தொழில் புத்தளத்தில் பெருகி, 1996இல் வெண்புள்ளி நோயில் அடிபட்டது. வாவியோரக் குடும்பத்துக்கு, தடுப்பு வைத்த கூட்டில் நண்டு கொழுக்க வைப்பதும், தானாக முளைக்கும் கண்டலை மாடு மேயாமல் அடைத்துக் காப்பதும் போதும். கண்டல் விதை தண்ணீரில் தானே வந்து ஒதுங்கும். அது ஒதுங்காத இடத்தில் நாங்கள் நடுவதும் பெரும்பாலும் நிலைக்காது.

அனுமதி விஷயம் சுருக்கமாக. வயல் காணியில் குட்டை வெட்டக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். வெட்டிய மண்ணை வெளியே ஏற்றினால் சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும், ஆகவே மண்ணை வரம்புக்கே போடுங்கள். குளத்து ஒதுக்கு நிலத்தில் நடக் குளம் யாருக்குச் சொந்தமோ அந்தத் திணைக்களத்திடமும் பிரதேச செயலகத்திடமும் கடிதம் எடுங்கள். கடிதம் இல்லாமல் நட்ட மரம் நாளைக்கு ஊருக்குச் சொந்தமாகாது.

கன்று கார்த்திகையில் நடுவதென்றால் வைகாசியில் நாற்றுமேடை போட வேண்டும். விதை ஊரிலேயே கிடைக்கும், பாடசாலைப் பிள்ளைகள் பொறுக்கித் தருவார்கள். மேடையை ஒரு மாதர் சங்கத்துக்குக் கொடுத்து, கன்றை அவர்களிடமே விலைக்கு வாங்குங்கள். குட்டையை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம், ஒரு கோடையில் கிணற்று மட்டத்தை அளந்த பிறகு வெட்டலாம். அடுத்ததாக எனக்கு எழுதும்போது ஊர்க்குளத்தின் பெயர், சென்ற ஆவணியில் அதில் எவ்வளவு தண்ணீர் நின்றது, நீங்கள் நினைத்திருக்கும் குடும்பங்களின் கிணற்று ஆழம், யானை வருகிற பாதை, இவ்வளவும் கேட்டு அனுப்புங்கள். எந்த ஆறு வீடு என்று அதை வைத்துப் பேசுவோம்.